கூடிய வரியைச் சுமந்தவர் யார்?

அரசாங்கத்துக்குப் பாலம் கட்டித்தருவதாக ஒருவர் ஒப்பந்தஞ் செய்கின்றார். விலை பேசி முடிக்கப்படுகின்றது, கையொப்பம் இடப்படுகின்றது, வேலை தொடங்குகின்றது. பாலம் பாதி எழும்பிய வேளையில் வரிச்சட்டம் மாறிவிடுகின்றது. நேற்று நூற்றுக்கு இரண்டாக இருந்த வரி இன்று பன்னிரண்டாகின்றது. கூடிய பத்தை யார் கொடுப்பது? பாலத்தைக் கட்டுபவரா? கட்டுவிக்கும் அரசாங்கமா? வரியை விதித்ததும் அரசாங்கம். பாலத்தை வாங்குவதும் அரசாங்கம். ஆதலின் இக்கேள்வி எளிதிற் தீரக்கூடியதென முதற் பார்வையிற் தோன்றும். ஆனால் அயல்நாடான இந்தியாவில் இஃது எண்பது ஆண்டுகளாகப் பல உருவங்களில் எழுந்து, நீதிமன்றங்களையும் பாராளுமன்றத்தையும் திறைசேரிகளையும் ஓயாது அலைக்கழித்து வந்திருக்கின்றது.

அவ்வரலாறு தொடங்கியது சென்னை மாகாணத்தில். 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி இராஜகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. அவற்றால் வந்த வருவாயும் நின்றது. அக்குறையை நிரப்ப வேறு வழி தேடவேண்டியதாயிற்று. 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச்சட்டம் பிறந்தது. இந்தியாவில் எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான விற்பனை வரியை முதன்முதல் விதித்த மாகாணம் சென்னையே.

கடையில் அரிசி விற்பவனும் துணி விற்பவனும் வரி கொடுத்தனர். கட்டடம் கட்டுபவரோ கொடுக்கவில்லை. அவர் செங்கல்லையும் சீமெந்தையும் இரும்பையும் தம் பொறுப்பில் வாங்கிக் கட்டடமாக்கித் தருகின்றார். அதுவும் ஒருவகை விற்பனை அன்றோ என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு உண்டாயிற்று. 1947இல் சட்டம் திருத்தப்பட்டது. கட்டட ஒப்பந்தத்தில் அடங்கிய பொருள்களும் விற்கப்பட்டனவாகவே கொள்ளப்படும் என்றும், கூலிக்காக நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படாத ஒரு பங்கைக் கழித்து மீதிக்கு வரி விதிக்கலாம் என்றும் விதி செய்யப்பட்டது.

கனன் டங்கர்லி என்னும் கட்டட நிறுவனம் இதை எதிர்த்தது. 1949-50ஆம் ஆண்டுக்கு விதிக்கப்பட்ட வரி செல்லாது என்று அது வழக்காடியது. சென்னை உயர் நீதிமன்றம் 1954இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சென்னை அரசாங்கம் மேன்முறையீடு செய்ய, 1958ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ரி. எல். வேங்கடராம ஐயர். இசை இரசிகர்களுக்கு அவர் பெயர் புதியதன்று. முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகளிற் பெரும் புலமை வாய்ந்தவர்; 1944இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

அவர் எழுதிய தீர்ப்பின் கருத்து இது: ஒரு பொருளை விற்பது வேறு, ஒரு வேலையைச் செய்து முடிப்பது வேறு. கட்டடம் கட்டுபவர் செங்கல்லைச் செங்கல்லாக விற்கவில்லை. அது சுவரில் அமைந்து நிலத்தோடு ஒன்றாகும்போதே நிலவுடையவருக்குச் சொந்தமாகின்றது. பிரிக்க இயலாத ஒரே ஒப்பந்தத்துக்குள் விற்பனை என ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. ஆகவே விற்பனை வரி விதிக்க மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் கட்டட ஒப்பந்தத்தை எட்டாது.

கட்டட ஒப்பந்தக்காரருக்கு இஃது அந்நாளிற் பெரு வெற்றி. ஆனால் அவ்வெற்றிக்குள்ளேயே ஓர் இழப்பும் மறைந்திருந்தது. அதனை அறிய இங்கிலாந்தின் பழைய சட்டமொன்றை நோக்குதல் வேண்டும்.

1901ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போரின் செலவுக்காக இங்கிலாந்தின் நிதியமைச்சர் ஹிக்ஸ் பீச் சர்க்கரைக்கு மீண்டும் இறக்குமதித் தீர்வை விதித்தார். தீர்வை வருமுன்னரே பல வணிகர் சர்க்கரையை ஒரு விலைக்கு விற்பதாக ஒப்பியிருந்தனர். பொருள் இனித்தான் கைமாற வேண்டும். தீர்வையோ இடையில் வந்துவிட்டது. அவர்கள் பேசிய விலைக்கே கொடுத்தால் நட்டமடைவர். ஆகவே அவ்வாண்டின் நிதிச்சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒப்பந்தம் செய்தபின் தீர்வை கூடினால் விற்பவர் அக்கூடுதலை வாங்குபவரிடம் பெறலாம். குறைந்தால் வாங்குபவர் அக்குறைவைக் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் மாறாக எழுதியிருந்தால் மட்டும் எழுதியபடியே நடக்கும்.

இந்தியாவும் இவ்விதியை ஏற்றது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 1940இல் இதே கருத்துடைய 64ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1963இல் அது விற்பனை வரிக்கும் விரிக்கப்பட்டது. நடுவழியில் வரி மாறினால் நட்டம் விற்பவரைச் சாராதபடி காக்கும் குடையாக அது நின்றது.

ஆனால் அக்குடை பொருள் விற்பவருக்கு மட்டுமே உரியது. கட்டடம் கட்டுபவர் பொருள் விற்பவர் அல்லர் என்று 1958இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவரை வரியிலிருந்து விடுவித்த அதே நியாயம் அவரைக் குடைக்கு வெளியே நிறுத்தியது. வரியே இல்லாத காலத்தில் குடையின் தேவையை எவரும் உணரவில்லை. மழை பின்னர்தான் வந்தது.

கட்டட ஒப்பந்தங்களின் வருவாயை மாநிலங்கள் நெடுநாள் கைவிட்டிருக்க விரும்பவில்லை. 1982ஆம் ஆண்டின் நாற்பத்தாறாவது அரசியலமைப்புத் திருத்தம் 1983ஆம் ஆண்டு பெப்புருவரி 2ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. கட்டட ஒப்பந்தத்தில் அடங்கிய பொருள்களை, வரி விதிப்பதற்காக மட்டும், விற்கப்பட்டனவாகப் பாவித்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்த்தது. பின்னர் மத்திய அரசாங்கம் தன் பங்குக்கு 2007ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதியிலிருந்து இவ்வொப்பந்தங்களின் சேவைப் பகுதிக்குச் சேவை வரி விதித்தது. ஒரே சுவரின் செங்கல்லுக்கு மாநிலமும், அதை அடுக்கிய உழைப்புக்கு மத்திய அரசாங்கமும் வரி பெறலாயின.

எனினும் அரசாங்க வேலைகளுக்குச் சலுகை இருந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் வீதிகளுக்குச் சேவை வரி இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை முதலிய அரசாங்கக் கட்டடங்களுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் கட்டட ஒப்பந்தக்காரர் விரும்பினால் முழுப் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டு வீதம் செலுத்தித் தம் பெறுமதி சேர்த்த வரிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். சீமெந்திலும் இரும்பிலும் உற்பத்தித் தீர்வை மறைந்திருந்தது உண்மை. ஆயினும் அது பொருளின் விலையோடு கலந்திருந்தமையால் கண்ணுக்குத் தோன்றவில்லை. கேள்விப்பத்திரங்களில் 'எல்லா வரிகளும் அடங்கிய விலை' என்று எழுதும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. வரி சிறிதாக இருந்தவரை அச்சொற்றொடரால் தீங்கு நேரவில்லை.

முதல் எச்சரிக்கை 2015இல் வந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி அரசாங்கக் கட்டடங்களுக்கு இருந்த சேவை வரி விலக்கு நீக்கப்பட்டது. விலக்கை நம்பி விலை கூறியவர்கள் திகைத்தனர். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் தன் செயலைத் திருத்திக்கொண்டது. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதிக்கு முன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. இடையிற் கட்டிய வரியைத் திருப்பிப் பெறவும் வழி செய்யப்பட்டது. விலை எந்நாளிற் பேசப்பட்டதோ அந்நாளின் சட்டமே அவ்விலைக்கு அடிப்படை என்னும் நீதியைப் பாராளுமன்றமே இவ்வாறு ஒருமுறை ஒப்புக்கொண்டது.

ஆனால் அடுத்து வந்த மாற்றம் மிகப் பெரியது. 2017ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி நள்ளிரவில், புதுடில்லிப் பாராளுமன்ற மாளிகையின் மைய மண்டபத்தில், பொருள்கள் சேவைகள் வரி தொடக்கிவைக்கப்பட்டது. உற்பத்தித் தீர்வை, சேவை வரி, மாநில விற்பனை வரி முதலிய பலவும் ஒன்றாயின. கட்டட ஒப்பந்தம் பொருளா சேவையா என்ற அறுபது ஆண்டுப் பழம் வழக்குக்கும் அச்சட்டம் ஒரு முடிவு கூறியது. இனி அது முழுவதும் சேவையாகவே கொள்ளப்படும் என்றது.

அந்த நள்ளிரவில் இந்தியா முழுவதும் வீதிகளும் பாலங்களும் கால்வாய்களும் பள்ளிக்கூடங்களும் பாதி கட்டிய நிலையில் நின்றன. ஒப்பந்தம் எந்நாளிற் செய்யப்பட்டதாயினும், யூலை முதலாந் திகதிக்குப் பின் செய்யும் வேலைக்குப் புது வரியே உரியது. முதலில் விதிக்கப்பட்ட வீதம் நூற்றுக்குப் பதினெட்டு. கூக்குரல் எழுந்தது. ஓகஸ்டு 22ஆந் திகதி அரசாங்க வேலைகள் பலவற்றுக்கு அது பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. ஒக்டோபர் 13ஆந் திகதி, பெறுமதியில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் மண்வேலையாக அமைந்த ஒப்பந்தங்களுக்கு ஐந்தாக்கப்பட்டது.

இரண்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியதால் நட்டம் நூற்றுக்குப் பத்து என எண்ணுதல் தவறு. புதிய முறையில், ஒப்பந்தக்காரர் சீமெந்தும் இரும்பும் வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் கூலிக்கு அத்தகைய கழிவு இல்லை. டீசல் எண்ணெய் இவ்வரிக்குள் அடங்காமையால் அதற்கும் இல்லை. இதனால் நேர்ந்ததைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். கணக்கு எளிதாகும் பொருட்டுப் பொருள்களின் விலை மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

எல்லா வரிகளும் அடங்க 112 இலட்சம் ரூபாவுக்கு இரண்டு ஒப்பந்தங்கள். இரண்டுக்கும் செலவு 99 இலட்சம். பழைய முறையில் நூற்றுக்கு இரண்டு வீதமான வரி 2.24 இலட்சம் போக, இருவருக்கும் 10.76 இலட்சம் எஞ்சும். முதலாமவர் கட்டுவது பள்ளிக்கூடம். அவர் வாங்கும் பொருளின் விலை 59 இலட்சம். அதில் 9 இலட்சம் வரி. பன்னிரண்டு வீதத்தில் 112 இலட்சத்துள் அடங்கிய வரி 12 இலட்சம். ஒன்பதைக் கழித்து மூன்றைக் கட்டினால் அவருக்கு 10 இலட்சம் எஞ்சும். நட்டம் பெரிதன்று.

இரண்டாமவர் வெட்டுவது கால்வாய். அவர் செலவில் 75.40 இலட்சம் கூலியும் எண்ணெயும். பொருளுக்கு 23.60 இலட்சம், அதில் வரி 3.60 இலட்சமே. பன்னிரண்டு வீதத்தில் அவர் கையிலிருந்து 8.40 இலட்சம் கட்டவேண்டும், எஞ்சுவது 4.60 இலட்சம். பதினெட்டு வீதமாயின் சுமார் 13.48 இலட்சம் கட்டவேண்டும். அப்போது எஞ்சுவது ஒன்றுமில்லை; ஏறக்குறைய அரை இலட்சம் கைநட்டம். ஐந்து வீதமாயின் 11.27 இலட்சம் எஞ்சும். அஃதாவது பழைய நிலையிலும் சற்று மேல்.

ஒரே விலை, ஒரே செலவு, ஒரே சட்டம். ஆயினும் ஒருவர் தப்புகின்றார், மற்றவர் மூழ்குகின்றார். கூலியாட்களை மிகுதியாக வைத்து வேலை செய்பவரையே புதிய முறை கடுமையாக அழுத்தியது. மண்வேலைக்குத் தனியே குறைந்த வீதம் ஏன் தேவைப்பட்டது என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

இனி, சுமையை யார் ஏற்றனர்? மூவகை விடைகள் காணப்பட்டன.

முதலாவது, ஒப்பந்தத்திலேயே வழி வகுத்திருந்த இடங்கள். பெரிய நெடுஞ்சாலை ஒப்பந்தங்களிலும் மின்சாரக் கொள்வனவு ஒப்பந்தங்களிலும் 'சட்ட மாற்றம்' என்னும் நிபந்தனை இருந்தது. சட்டம் மாறுவதாற் செலவு கூடினாலும் குறைந்தாலும் விலை அதற்கேற்பத் திருத்தப்படும் என்பது அதன் பொருள். சூரிய ஒளி மின்னிலையங்கள் தொடர்பாக மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணைக்குழு, புதிய வரி சட்ட மாற்றமே என்று ஏற்றது. உலகப் பொறியியல் ஒப்பந்தங்களிற் பெரிதும் வழங்கும் ஃபிடிக் விதிகளின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, கேள்வி ஒப்படைக்கும் இறுதி நாளுக்கு இருபத்தெட்டு நாள் முந்திய திகதியை அடிப்படையாகக் கொள்கின்றது. அதன்பின் சட்டம் மாறினால் அதன் விளைவு ஒப்பந்தக்காரரைச் சாராது.

இரண்டாவது, ஒப்பந்தம் வாய்திறவாத இடங்களும், 'எல்லா வரிகளும் அடங்கிய' என்ற சொற்றொடர் மட்டும் இருந்த இடங்களும். சிறிய ஒப்பந்தக்காரர் பலரும் இங்கேதான் நின்றனர். அவர்கள் பல மாநிலங்களில் உயர் நீதிமன்றங்களை நாடினர். சில மாநில அரசாங்கங்கள் பழைய வரிகளை விலையினின்று நீக்கி, புதிய வரியைச் சேர்த்து, ஒப்பந்தப் பெறுமதியை மீளக் கணிக்க ஆணையிட்டன. நீதிமன்றங்களும் பல வழக்குகளில், கணக்கை ஆராய்ந்து வேறுபாட்டைத் தீர்மானிக்குமாறு அதிகாரிகளைப் பணித்தன. ஆனால் கணக்குப் பார்த்து முடியும்வரை வரியைத் தம் கைப்பொருளிலிருந்து கட்டவேண்டியவர் ஒப்பந்தக்காரரே. பெரிய நிறுவனம் காத்திருக்கும். வட்டிக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுக்கும் சிறியவருக்குக் காத்திருத்தலே ஒரு தண்டனை.

மூன்றாவது, கூடிய வரியை அரசாங்கத் திணைக்களமே ஏற்ற இடங்கள். அரசாங்கம் தனக்குத் தானே கொடுக்கும் பணந்தானே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அரசாங்கம் ஒரே பணப்பை அன்று. இவ்வரியிற் பாதி மத்திய அரசாங்கத்தையும் பாதி மாநிலத்தையும் சேரும். ஒரு நகரசபை வீதி போட்டால் வரி முழுவதையும் அதுவே கொடுக்கும். நேராக அதன் கைக்கு ஒன்றும் திரும்பாது. வீதிக்கென ஒதுக்கிய தொகை மாறாதிருக்க வரி மட்டும் ஏறினால், வீதியின் நீளந்தான் குறையும். அப்போது வரியைச் சுமப்பவர் எந்தப் பற்றுச்சீட்டிலும் பெயரில்லாத ஊர்மக்கள்.

2017இற் கற்ற பாடம் அத்துடன் முடியவில்லை. 2022ஆம் ஆண்டு யூலை 18ஆந் திகதி அரசாங்க வேலைகளுக்கான வீதம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டாகவும், மண்வேலைக்கு ஐந்திலிருந்து பன்னிரண்டாகவும் உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி மண்வேலையும் பதினெட்டாயிற்று. அதே நாளிற் சீமெந்தின் வரி இருபத்தெட்டிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. பாதி கட்டிய பாலங்கள் அந்நாள்களிலும் இருந்தன. குறைந்த வரியின் நன்மை யாருக்கு என்ற மறுபக்கக் கேள்வியும் இதனால் எழுந்தது. கூடியபோது அரசாங்கம் கொடுக்கவேண்டும் என்று கேட்பவர், குறைந்தபோது திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவராவர். 1901ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம் இவ்விரண்டையும் ஒரே பிரிவில் எழுதியது அதனாலேயே.

எண்பது ஆண்டு வரலாற்றிலிருந்து ஓர் உண்மை துலங்குகின்றது. வரியைத் திறைசேரியிற் கட்டவேண்டியவர் யார் என்பதைச் சட்டம் கூறும். அது யாருடைய கைப்பொருள் என்பதை ஒப்பந்தமே கூறும். ஒப்பந்தம் கூறாதபோது, முன்னரே கையொப்பமிட்டுவிட்டுப் பின்வாங்க இயலாத நிலையில் நிற்பவர்மீது சுமை விழும். அவர் வரியை விதித்தவரும் அல்லர். அதனை முன்னறிந்திருக்கக் கூடியவரும் அல்லர். விலை கூறிய நாளின் வரி இன்னதென்று எழுதி, அதன்பின் வரும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே கணக்கிற் சேர்த்துக்கொள்வதற்கு ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று வரிகள் போதும். அவ்வரிகள் எழுதப்படாமையாலேயே 2017இல் கால்வாய் வெட்டியவர் நீதிமன்றப் படி ஏறினார்.